ட்ரேயை நிரப்பினேனா என்று கேட்டாய்

முரளி,

காலையில் நீ போனில் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. ஆனேக்கல்லிலிருந்து லோடு வந்துவிட்டது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். லோடு எதுவும் வரவில்லை. கடையில் நான் மட்டும்தான் இருந்தேன். சாய்ந்துகொள்ள இடம் தேடினேன். முட்டை அடுக்கின் மேல் கை வைத்துவிடக் கூடாது என்ற நினைப்பு அப்போதும் போகவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இப்போது மதியம். வீட்டுக்கு வந்து, சாப்பிட்டதாகப் பேர் பண்ணிவிட்டு, நீ படித்த மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். போனில் சொன்னால் என் குரலை வைத்து நீ பாதியைக் கண்டுபிடித்துவிடுவாய். மீதியை நான் மாற்றிச் சொல்லிவிடுவேன். எதிரில் நிற்பவன் முகத்தைப் பார்த்து விலையை மாற்றியே பிழைத்தவன் நான். காகிதத்துக்கு முகம் இல்லை. இதை உன்னோடு வேலை செய்கிறவர்களிடம் நீ காட்ட வேண்டியும் வரலாம். அதனால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

நீ கேட்டது இதுதான். "அப்பா, கோவப்படாம சொல்லுங்க. ஷெட்ல ட்ரே நெரப்பினீங்களா?" என்றாய். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னத்த நெரப்பறது?" என்றேன். "காலிக் குழியில பக்கத்து வரிசை முட்டைய எடுத்து வச்சீங்களான்னு கேக்கறேன். ஒண்ணு ரெண்டுன்னாலும் சொல்லுங்கப்பா, நான் எதுவும் சொல்ல மாட்டேன்." ஏன்டா என்று கேட்டேன். உன் பக்கம் ஏதோ மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சொன்னாய்: "உங்க ரத்தத்துல கோடு விழுந்திருக்குப்பா."

நீ இந்த வேலையை ஆரம்பித்தபோது நம் அடுக்களையில் நின்று எனக்கு விளக்கிச் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. பன்றி வழியாகப் பரவுகிற நாடாப்புழு ஒன்று. அதன் முட்டை ஒருவன் வயிற்றுக்குள் போய்விட்டால், குஞ்சு ரத்தத்தில் ஏறி மூளையில் போய் நீர்க்கொப்புளம் மாதிரி உட்கார்ந்துகொள்ளும். வருடக்கணக்கில் சத்தமே இருக்காது. ஒருநாள் வலிப்பு வரும். ஸ்கேன் எடுக்க வழியில்லாத ஊர்களில் ஒரு சொட்டு ரத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்க ஒரு சோதனைப் பட்டை செய்கிறோம் என்றாய். அதற்கு, ரத்தத்தில் அந்தப் புழுவின் தடயத்தைத் தேடிப் பிடித்துக்கொள்கிற எதிர்ப்புப் பொருள் வேண்டும். முயலில் செய்யலாம், ஆனால் அதைக் குத்திக் குத்தி ரத்தம் எடுக்க வேண்டும். கோழிக்குப் புழுவின் சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊசியில் போட்டால், அது எதிர்ப்புப் பொருளைச் செய்து, பிறக்கப்போகிற குஞ்சுக்காக மஞ்சள் கருவில் சேர்த்து வைக்கும். முட்டையை உடைத்தால் போதும் என்றாய். நான் கேட்ட முதல் கேள்வி, "அந்த முட்டைய விக்கலாமா?" நீ தலையில் அடித்துக்கொண்டாய். பிறகு ஒரு சாதாரண முட்டையை உடைத்து, வெள்ளையை வடித்து, மஞ்சளைக் காகிதத்தில் உருட்டி ஈரத்தைப் போக்கி, மேல்தோலைக் குத்தி உள்ளே இருப்பதை மட்டும் இறக்கித் தண்ணீர் கலந்து வைத்தாய். கொழுப்பு அடியில் தங்கும், மேலே நிற்கிற தெளிவில்தான் சரக்கு இருக்கிறது என்றாய். உன் அம்மா, "ரெண்டு பேரும் சேந்து ஒரு ஆம்லெட்ட கெடுத்தீங்க, அவ்ளோதான் எனக்குத் தெரியும்" என்றாள்.

உங்கள் நிறுவனத்தின் கோழிக் கூடம் பழுதுபார்க்க மூடப்பட்டு, உன் ஆய்வுக்கூடம் இருக்கிற வைட்ஃபீல்டில் கோழி வைக்க இடமில்லாமல், முறையாக அனுமதி வாங்கி நம் ஆனேக்கல் கோழி ஷெட்டின் கடைக்கோடியில் அவற்றை வைத்தபோது எனக்கு இருந்த பெருமையை உன்னிடம் நான் சொல்லவில்லை. நீ படித்தவரை நான் ஃபீஸ் கட்டினேன், அவ்வளவுதான் என் பங்கு என்று நினைத்திருந்தேன். என் தொழில் உனக்குத் தேவைப்படும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

இரண்டு வரிசைக் கூண்டுகள். ஒரு வரிசைக் கோழிகளுக்கு மூளைக்குப் போகிற அந்தப் புழுவின் சத்து. எதிர் வரிசைக்கு, ஒப்பிட்டுப் பார்க்க, ஊரில் பாதிப் பேர் வயிற்றில் இருக்கிற சாதாரண உருண்டைப் புழுவின் சத்து. ஊசி போட வந்த கால்நடை டாக்டரம்மா என்னை நிற்க வைத்து மூன்று தடவை சொன்னார்: "அண்ணா, ஈ வரிசை, ஆ வரிசை, எரடும் பேரே பேரே. இந்த வரிசை வேற, அந்த வரிசை வேற. கலந்தா எல்லாம் வேஸ்ட், ஆய்த்தா?" ஆயிற்று என்றேன். கலந்தால் என்ன ஆகும் என்று அன்று ராகிக்களி சாப்பிட்டுக்கொண்டே உன்னைக் கேட்டேன். "வயித்துல சாதா பூச்சி இருக்கறவனுக்கும் கோடு விழும். மூளையில புழுன்னு நாம அவனை பயமுறுத்திடுவோம்" என்றாய்.

கலப்பது என் கையின் பழக்கம் என்பது உனக்குத் தெரியும். அதனால்தான் கேட்டாய், அதில் தப்பு இல்லை. முட்டை வியாபாரத்தில் குழி காலியாக உள்ள ட்ரேயை எவனும் கடைக்கு அனுப்ப மாட்டான். ஒரு முட்டை கீறினால், அடுத்த ட்ரேயிலிருந்து எடுத்து வைத்து மூடி அனுப்புவான். கை தானாகப் போகும். கண் அங்கே இருக்காது, வாய் வேறு யாரோடோ பேசிக்கொண்டிருக்கும், கை குழியை நிரப்பிவிடும். உன் கோழிகளின் ட்ரேக்களைப் பல்லுப் போன வாய் மாதிரி விட்டு விட்டு அனுப்பும்போது எனக்கு உடம்பே கூசியது. ஒருநாள் அவற்றை லோடு ஆட்டோவில் வைத்துக்கொண்டு, உன் ஆள் வந்து வாங்கிக்கொள்வதற்காகக் கடைக்குக் கொண்டு வந்தேன். பிரேசர் டவுன் பேக்கரி பாய் எட்டிப் பார்த்தார். "க்யாண்ணா, வியாபாரம் அவ்ளோ டல்லா? பாதி ட்ரேதான் தேறுதா?" என்றார். "அது என் மகன் சரக்கு பாய், அதத் தொடாதீங்க" என்றேன். "தொட்டா?" "தொட்டா உங்க கேக் எல்லாம் பாஸாயி டாக்டராயிடும்." அவர் சிரித்த சிரிப்பு கடை முழுக்கக் கேட்டது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பெல்லாம் இப்போது எங்கே போயிற்று தெரியவில்லை.

பிறகு ஆரோக்கியமானவர்களின் ரத்தம் வேண்டும், கோடு விழாது என்று காட்டுவதற்கு, என்றாய். நான்தான் முந்திக்கொண்டு கையை நீட்டினேன். எனக்கென்ன நோய், தினமும் முட்டை சாப்பிடுகிறவன் என்றேன். எல்லோர் பட்டையும் வெறுமையாக இருந்தது, ஒன்றில் மட்டும் கோடு. எண்ணுக்குரிய பேரைப் பிரித்துப் பார்த்தால் அது அப்பா. நீ என்ன பாடு பட்டிருப்பாய் என்று புரிகிறது. பட்டை சரியாக வேலை செய்கிறது என்றால் உன் அப்பனுக்கு நோய். அப்பனுக்கு நோய் இல்லை என்றால் பட்டையும் அதன் பின்னால் இருக்கும் உன் உழைப்பும் குப்பை. இதில் எதை வேண்டிக்கொள்வது? கடையைப் பூட்டிவிட்டுக் கோயில் வாசலில் நின்றேன். சூடம் வாங்கினேன். என்ன கேட்பது என்று தெரியாமல் ஏற்றாமலேயே வந்துவிட்டேன்.

ஆமாம்பா, நிரப்பினேன், பழக்க தோஷம், மன்னிச்சுக்கோ என்று நான் சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது. நீ நம்பிவிடுவாய். நம்பத்தான் நீயும் காத்திருக்கிறாய், அந்தக் குரலில் அது தெரிந்தது. எனக்கு வயிற்றில் சாதாரணப் பூச்சி, உனக்குக் கெட்டுப்போன ஒரு தொகுதி முட்டை. நீ நாளைக்கு உன் பெரியவர்களிடம், வியாபாரி கை, நிரப்பிவிட்டார் என்று சொல்வாய், அவர்களும் சிரிப்பார்கள், புதிதாக ஆரம்பிப்பீர்கள். வாயைத் திறந்து ஒரு பொய் சொன்னால் போதும். வியாபாரத்தில் இதைவிடச் சின்ன லாபத்துக்கு இதைவிடப் பெரிய பொய்யைச் சொல்லியிருக்கிறேன்.

பொய்யை உண்மையாக்கவும் பார்த்தேன். நான் போனை வைப்பதற்கு முன்னால், "நான் வர்ற வரைக்கும் பூச்சி மாத்திரை கீத்திரை எதுவும் போட்டுக்காதீங்க" என்று சொன்னாய் அல்லவா? வைத்தவுடன் நேராக மெடிக்கலுக்குப் போய் அதையே கேட்டேன். "யாருக்கண்ணா, மகுவுக்கா?" என்றான், குழந்தைக்கா என்று. எனக்குத்தான் என்றேன். "ஓ, நீங்களும் மகு தானா" என்று ஒரு மாத்திரையைக் கிழித்துக் கொடுத்தான். முழுங்கிவிட்டால் பூச்சி செத்துவிடும், கோடும் போய்விடும், கதை முடிந்தது என்று நினைத்தேன். கடைப் படியில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலைத் திறந்தபோதுதான், முன்பு ஒருநாள் நீ சொன்னது மண்டையில் அடித்தது: மூளையில் புழு இருக்கிறவன் டாக்டர் இல்லாமல் அந்த மாத்திரையைப் போட்டால், புழு சாகும்போது சுற்றிலும் வீங்கி, அதனாலேயே வலிப்பு வந்து விழுவான். மாத்திரையைச் சாக்கடையில் போட்டேன். கையைச் சட்டையில் துடைத்தேன். துடைத்துக்கொண்டே இருந்தேன்.

சாவுக்கு நான் இவ்வளவு பயப்படவில்லை, முரளி. வலிப்புக்குப் பயப்படுகிறேன். மார்க்கெட்டில் முட்டை இறக்குகிற ஒருவன் இருந்தான், நல்ல கைக்காரன், ஆறு ட்ரேயை ஒரே தூக்காகத் தூக்கி ஒரு கீறல் இல்லாமல் வைப்பான். ஒருநாள் அடுக்குகளுக்கு நடுவில் விழுந்து கை கால் இழுத்துக்கொண்டது. யாரோ சாவிக்கொத்தைக் கையில் திணித்தார்கள், யாரோ வெங்காயத்தை மூக்கில் வைத்தார்கள். எழுந்து உட்கார்ந்தபோது வேட்டி நனைந்திருந்தது. அவன் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை, உடைந்த முட்டைகளை மட்டும் பார்த்தான். மார்க்கெட் அவனைத் துரத்தவில்லை. கூப்பிடுவதை நிறுத்திவிட்டது, அவ்வளவுதான். வாயால் சொன்ன விலையில் லட்சக்கணக்கில் சரக்கு கை மாறுகிற தொழில் இது. அண்ணனுக்கு அடிக்கடி நினைவு தப்புகிறதாம் என்று ஒரு பேச்சு கிளம்பினால், மறுநாள் நாமக்கல்லில் எனக்கு ஒரு முட்டைகூட ஏற்ற மாட்டார்கள்.

நினைவு தப்புகிறதாம் என்று ஏன் எழுதினேன் என்று நீ இந்த வரியில் நின்றிருப்பாய். அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் சுற்றினேன்.

கொஞ்ச மாதமாகவே எனக்கு நடுவில் நடுவில் நேரம் காணாமல் போகிறது. முதலில் பாய்தான் கவனித்தார். மைதா விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோமாம். நான் பதில் சொல்லவில்லையாம். சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு, வாயில் எதையோ மெல்லுவது மாதிரி அசைத்துக்கொண்டு நின்றேனாம். எனக்கு நினைவு திரும்பியபோது அவர் என் முகத்துக்கு முன்னால் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். "என்னண்ணா, மனசுலயே கணக்கா?" என்றார். "ஆமா பாய், கணக்குதான்" என்று அதையே பிடித்துக்கொண்டேன். பிறகு வீட்டில். உன் அம்மா காபியை நீட்டியபடி நின்றிருக்கிறாள். "என்னாங்க, கூப்பிடக் கூப்பிட கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்க, காது போச்சா?" என்றாள். வியாபார யோசனை என்றேன். "யோசனையில எச்சி ஒழுகுமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். நான் கண்ணாடியில் போய் மோவாயைப் பார்த்தேன். ஈரமாகத்தான் இருந்தது.

மூன்றாவது, ஷெட்டில். உன் கோழிகளின் முட்டையை நானே எடுப்பேன், வேறு யாரையும் விடுவதில்லை. அன்று ஒரு கோழி அப்போதுதான் இட்ட முட்டையைக் கையில் எடுத்தேன். சூடாக இருந்தது, ஓட்டில் ஈரம்கூடக் காயவில்லை. அடுத்து எனக்குத் தெரிந்தது, இரண்டு வரிசைகளுக்கும் நடுவில் நின்றுகொண்டிருக்கிறேன், கையில் அதே முட்டை, ஆனால் அது ஆறிப்போயிருந்தது. முட்டை ஆற எவ்வளவு நேரம் ஆகும் என்று என்னைவிடத் தெரிந்தவன் இந்த ஊரில் இல்லை. அவ்வளவு நேரம் நான் எங்கே இருந்தேன்? அது எந்த வரிசை முட்டை என்று தெரியவில்லை. அதை ட்ரேயில் வைக்கவில்லை, வெளியே கொண்டுபோய் மண்ணில் உடைத்தேன். அந்த ஒன்றைப் பற்றி எனக்குத் தெரியும். அதற்கு முன்னால் என் கை எத்தனை குழியை நிரப்பியது, நிரப்பவில்லை என்று நான் எப்படிச் சொல்வேன்? அப்படியே லோடு ஆட்டோவை நானே ஓட்டிக்கொண்டு சந்தாபுரம் வழியாக ஓசூர் ரோட்டில் வந்தேன். பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட வேன் வெகுதூரம் கூடவே வந்தது.

ஆக, நீ கேட்டதற்குப் பதில் இது. அறிந்து நான் ஒரு முட்டையையும் கலக்கவில்லை. உன் அம்மா மேல் சத்தியம். அறியாமல் கலந்தேனா என்றால், தெரியாது. காலையிலிருந்து இதைத்தான் புரட்டிப் பார்க்கிறேன். நான் கலக்கவில்லை என்றால் உன் கோடு உண்மை. நான் கலந்திருந்தால், நினைவு தப்பிய நேரத்தில்தான் கலந்திருக்க வேண்டும். நினைவு தப்புகிறது என்றால் தலையில் ஏதோ இருக்கிறது. கெட்ட முட்டையை விளக்கில் பிடித்துப் பார்க்கிற மாதிரி, எந்தப் பக்கம் திருப்பிப் பிடித்தாலும் வெளிச்சத்தில் அதே கரும்புள்ளிதான் தெரிகிறது. பொய் சொல்லித் தப்பிக்கக்கூட இதில் எனக்கு வழி இல்லை.

உன் வேலைக்கு என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லக் கூடாது, ஆனால் சரக்கைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். இந்தத் தொகுதி முட்டையை நம்பாதே. எடுத்தவன் கை நம்பிக்கையானதில்லை என்று எல்லோரிடமும் சொல்லிவிடு. அப்பா பேர் கெடுமே என்று மறைக்காதே. கோழிகளைக் கழித்துவிடாதே, அவை மேல் எந்தத் தப்பும் இல்லை. வேறு ஆளை வைத்துப் புதிதாக முட்டை எடுங்கள், என் ரத்தத்தை உன்னைத் தவிர யாராவது சோதிக்கட்டும். தன் சரக்கைத் தானே எடை போடுகிறவன் தராசு முள்ளைப் பார்க்க மாட்டான், தட்டைத்தான் பார்ப்பான். நீ கோடு வேண்டாம் என்று பார்த்தாலும் தப்பு, வேண்டும் என்று பார்த்தாலும் தப்பு. இன்னொன்று. நாம் பன்றி சாப்பிடுகிறவர்கள் இல்லையே, நமக்கு எப்படி வரும் என்று உன் அம்மா கேட்பாள். அழுக்குத் தண்ணீரில் கழுவிய பச்சைக் கொத்தமல்லி போதும், சமைத்தவன் கை போதும் என்று எனக்குச் சொன்ன மாதிரியே அவளுக்கும் பொறுமையாகச் சொல்லு. தன் சமையல் மேல் பழி வந்துவிட்டது என்று அவள் நினைத்துவிடக் கூடாது. இத்தனை வருடம் ரோட்டோரம் நின்று சாப்பிட்டவன் நான்தான்.

இதைப் படித்ததும் நீ வந்து என்னை அழைத்துப் போ. ஸ்கேன் எடுக்கும்போது உள்ளே படுக்க வைத்து ஆடாமல் இரு என்பார்களாமே. அந்த நேரத்தில் நீ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரு. படத்தை முதலில் நீ பார்க்காதே, டாக்டர் பார்க்கட்டும். எனக்குப் பயமாக இருக்கிறது, முரளி. இந்த வார்த்தையை உன் எதிரில் என்னால் சொல்ல முடியாது, அதற்கும் சேர்த்துத்தான் காகிதம்.

உன் அம்மா வந்து நிற்கிறாள். "யாருக்கு இவ்ளோ நீளமா?" என்றாள். முரளிக்கு என்றேன். "அவனுக்கு போன் இல்லியா? இல்ல உங்களுக்கு வாய் இல்லியா?" என்றாள். அதுவரை எழுதிய பக்கங்களை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். படித்து முடித்துவிட்டு என்னைப் பார்க்கவில்லை. நேராகப் போய் ஆணியில் தொங்கிய ஆட்டோ சாவியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். இப்போது என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அடுத்த பக்கத்துக்குக் கை நீட்டிக்கொண்டிருக்கிறாள்.

அப்பா